கலாராணி அக்காவின் விரியாத குடை

கலாராணி அக்காவோடு நான் முதன்முதலாக நாலு வார்த்தை சேர்த்துப் பேசியது கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில், கொட்டும் மழையில். கட்டுக்கலையில் அவர் குடியிருந்த வீட்டின் மேல்மாடி அறைக்கு நான் வாடகைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. படியில் எதிரெதிரே வந்தால் இருவரும் சிரிப்போம், அவ்வளவுதான். அன்று பௌர்ணமி, போயா விடுமுறை. நான் கட்டுகஸ்தோட்டையில் ஒரு தோழி வீட்டுக்குப் போக நின்றேன். அக்கா தலையில் ஒரு பொலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு நனைந்துகொண்டிருந்தார். முதுகில் பெரிய பை. அதன் வாயிலிருந்து கறுப்பு உறை போட்ட குடை ஒன்றின் பிடி நீட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, பேக்ல கொட இருக்கே, மறந்துட்டீங்களா?"

"மறக்கல. அது விரியாது."

"ஒடஞ்சிருச்சா?"

"இல்ல, நல்லாத்தான் இருக்கு."

"அப்ப கம்பி இறுகியிருக்கும். தாங்க, நான் பாக்குறேன்."

"கை வச்சிராத புள்ள!"

அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் திரும்பினார். குடையைப் பார்த்தார், நனைந்த தலையைப் பார்த்தார். "குடையை முதுகில் வைத்துக்கொண்டு நனைகிறாயே மகளே, உனக்கென்ன பைத்தியமா?" என்று சிங்களத்தில் கேட்டார். அக்காவும் சிங்களத்திலேயே, "புதுசு மாத்தயா, நனைக்க மனசு வரவில்லை" என்றார். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு தன் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

வத்தேகம பஸ் வந்தது. எனக்கும் அதே வழிதான். ஏறி உட்கார்ந்ததும் அக்கா என் காதருகே குனிந்தார்.

"கொட இல்ல அது. கத்தி."

"காய் வெட்டுற கத்தியா?"

"கவ்வாத்துக் கத்தி."

தேயிலைச் செடியின் கிளைகளை நறுக்கிக் கவ்வாத்துப் பண்ணும் கத்தியை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். எவ்வளவு பெரிது என்று கேட்டேன். அக்கா தன் முழங்கையைத் தொட்டு, விரல் நுனி வரைக்கும் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

"யாரை வெட்ட?"

"புல்ல."

"எந்தப் புல்லை?"

"மலையில இருக்கிற புல்ல. பாதைய மூடிருது. நான் போயாவுக்குப் போயா மலை ஏறுறேன். ஒனக்கு நடக்கப் புடிக்குமா?"

"தெரியல அக்கா."

"அப்ப அடுத்த போயாவுக்கு வா, தெரிஞ்சிரும். ஆனா ஒண்ணு. கூட றம்ஸியா வருவா. அவளப் பொறுத்தவரைக்கும் இது கொடதான். வாயத் தொறந்துறாத."

வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குச் சிரமமான காரியமே இல்லை. அதனால்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார் என்று பிற்பாடு சொன்னார்.

அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. வத்தேகமைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் கண்டியில் ஒரு சேலைக் கடைக்கு வேலைக்கு வந்தவர். இருபத்திரண்டு வருடமாக அங்கேயே நிற்கிறார். நிற்கிறார் என்றால் உண்மையாகவே நிற்கிறார். கடையில் பதினான்கு கதிரைகள் இருக்கின்றன, எல்லாம் வாங்க வருகிறவர்களுக்கு. ஒரு கலியாண வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தால் நாற்பது சேலை விரிக்க வேண்டும். முப்பத்தொன்பதை மறுபடி மடிக்க வேண்டும். சில நாள் நாற்பதையும். இந்தப் பழக்கத்தால் அக்கா கையில் எது கிடைத்தாலும் மடிப்பார். பஸ் டிக்கட், ரொட்டி சுற்றிய தாள், நான் படித்துப் போட்ட பேப்பர் எல்லாமே ஒரு ஓரம் கூட விலகாமல் மடிந்திருக்கும்.

"இருவத்தெட்டு நாள் நிக்கிற காலு. ஒரு நாளாச்சும் எங்கயாவது போகணும்ல? அதுக்கும் ஆசை இருக்கும்" என்பார்.

கலியாணப் பேச்சும் வந்திருக்கிறது. ஒருமுறை கேகாலையிலிருந்து பெண் பார்க்க வந்தவர், கலியாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட முடியுமா என்று கேட்டாராம். "விட்டுர்றேன். நீங்க போயா நாள்ல எத்தன மைல் நடப்பீங்க?" என்று அக்கா திருப்பிக் கேட்டாராம். வந்தவர்கள் கேசரியைச் சாப்பிட்டு முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கேசரி நன்றாக வந்திருந்தது என்று அக்கா இன்றைக்கும் சொல்வார்.

றம்ஸியா மடவளைக்காரர். சேலைக் கடைக்கு அடுத்த சின்னத் தையல் கடையில் பிளவுஸ் தைப்பவர். மூத்த பெண்களை அவர்கள் வீட்டில் ராத்தா என்பார்கள், மூத்த ஆண்களை நானா என்பார்கள்; நானும் றம்ஸியா ராத்தா என்றே கூப்பிடுவேன். அக்கா நின்று நின்று காலைக் கெடுத்துக்கொண்டவர், ராத்தா இருந்து இருந்து முதுகைக் கெடுத்துக்கொண்டவர். இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியர் ஒரே மருந்தைச் சொன்னார்: நடங்கள். அவர் சொன்னது வாவியைச் சுற்றி ஒரு சுற்று. இவர்கள் மலைக்குப் போனார்கள்.

முதல் தடவை இரண்டு பேர் மட்டும் போனபோது, கைவிடப்பட்ட தேயிலைக்கு நடுவே போன பழைய ஒற்றையடிப் பாதை, உச்சிக்கு அரை மைல் இருக்கும்போது மானாப்புல்லுக்குள் போய் மறைந்துவிட்டது. ஆள் உயரப் புல். கையை விட்டால் கையைக் கிழிக்கும். திரும்பி வந்துவிட்டார்கள். அன்றிரவு அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம். "அர மைலுக்கு ஒரு கத்தி இல்லாமத் திரும்பி வந்தோம் புள்ள." அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கடையில் லீவு சொல்லிவிட்டுக் கலகெதரப் பக்கம் போய் ஒரு கவ்வாத்துக் கத்தி வாங்கிவிட்டார். தோட்டத்தில் பிறந்தவருக்கு மானாப்புல்லுக்கு எந்தக் கத்தி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாங்கிய கத்தியை ஒளிக்க வேண்டியிருந்தது, அதுவும் முக்கியமாக ராத்தாவிடமிருந்து. இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஏப்ரலில் தேவாலயங்களில் குண்டு வெடித்து, முஸ்லிம் வீடுகளைச் சோதனை போட்ட நாட்களில், ராத்தாவின் கணவர் இப்திகாருடைய தம்பி ஸிபானை, வீட்டில் பெரிய கத்தி இருந்ததென்று பொலிஸார் கூட்டிக்கொண்டு போனார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இறைச்சி வெட்டும் கத்தி. அதை விளங்கப்படுத்தி ஆளை வெளியே எடுக்க ஒன்பது நாள் ஆனது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பலாப்பழம் கூடச் சுளையாகத்தான் வாங்குவார்கள். மனைவியை மலைக்கு விட்டபோது இப்திகார் நானா அக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஒரு கரைச்சலும் இல்லாம வீட்டுக்குக் கொண்டுவந்து விடுங்க தங்கச்சி." அக்கா சரி என்றார்.

ஆகவே கத்தி தெரிந்தால் றம்ஸியா வரமாட்டாள். கத்தி இல்லாவிட்டால் மலை இல்லை. றம்ஸியா இல்லாமல் மலைக்குப் போய் யாரோடு பேசுவது? இதுதான் அக்காவின் கணக்கு. அவர் கண்டுபிடித்த வழி என்னவென்றால், உறையை ராத்தாவிடமே தைக்கக் கொடுத்தார்.

"கொடைக்கு ஒரு ஒற தச்சுத் தா றம்ஸி. இருவது அங்குலம். வெளியில கறுப்பு, உள்ளுக்கு வெள்ளை லைனிங் ரெண்டு மடிப்பு."

"கொடைக்கி லைனிங் என்னத்துக்கு? இவ்வளவு ஒல்லிக் கொடையும் இரிக்கா?"

"சீனாக் கொட."

ராத்தா நல்ல நேர்த்தியாகத் தைத்துக் கொடுத்தார். அக்கா அதற்குள் துணிக் கட்டின் நடுவில் வரும் தடித்த மட்டையை வெட்டிச் செருகி, கத்தியை அதற்குள் இறக்கினார்.

மலையில் நடப்பது இப்படி இருக்கும். புல் தொடங்குமிடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே அக்கா எங்களை ஒரு பாறையில் உட்கார வைப்பார். "நீங்க தேத்தண்ணியக் குடிச்சிட்டு மெதுவா வாங்க. நான் பாதையப் பாத்துட்டு வாறேன்." இருபது நிமிடத்துக்குப் பிறகு முகம் சிவந்து, மூச்சு வாங்க, தலையெல்லாம் புல் தூளோடு வந்து, "பாதை நல்லா இருக்கு" என்பார். நாங்கள் போவோம். அப்போதுதான் வெட்டிய புல்லின் வாசம் மூக்கில் ஏறும்.

"பாருங்க" என்று ராத்தா ஒவ்வொரு முறையும் வியப்பார். "மாசா மாசம் ஆரோ வந்து வெட்டி வெக்கிறாங்க. தோட்டத்து ஆக்களாத்தான் இரிக்கும். அல்லாஹ் அவங்களுக்கு நல்ல சொகத்தக் குடுக்கணும்."

"ஆமா. நல்ல மனுசங்க" என்பார் அக்கா, வேர்வையைத் துடைத்துக்கொண்டே. நான் தேத்தண்ணிப் போத்தலுக்குள் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படியே ஒன்பது போயா போனது. பத்தாவது போயாவுக்கு ஐந்து நாள் முன்னால் ஆயுத பூசை வந்தது.

வீட்டில் எல்லோரும் தொழில் சாமான்களைச் சாமிப் படத்துக்கு முன் வைத்தோம். வீட்டுக்காரர் ஆட்டோவின் சாவியை வைத்தார், நான் பேனையும் அகராதியும் வைத்தேன். அக்கா கத்தரிக்கோலும் மீற்றர் கோலும் வைத்துவிட்டு, அவற்றுக்குப் பின்னால் உறையைக் கழற்றிக் கத்தியையும் படுக்க வைத்தார். அதற்கு அது முதல் பூசை. அதனால் தாராளமாக, பன்னீரில் குழைத்த சந்தனமும் அதன் மேல் குங்குமமும் கைப்பிடியிலிருந்து நுனி வரைக்கும் வரிசையாக வைத்தார். மறுநாள் பூசையிலிருந்து எடுத்தபோது, "அதைத் துடைச்சிட்டு வையுங்க அக்கா" என்றேன்.

"பூசையில வச்ச பொட்டத் தொடைப்பாங்களா யாராச்சும்? அதுவாத்தான் போகணும்."

குங்குமத்தோடேயே கத்தி உறைக்குள் போனது.

போயாவன்று விடியற்காலையிலேயே மழை. பஸ் நிலையத்துக்குப் போவதற்குள் பைகள் எல்லாம் தொப்பலாகிவிட்டன. பஸ்ஸில் பாதிப் பேர் சில் என்னும் போயா நோன்பு அனுட்டிக்க விகாரைக்குப் போகிறவர்கள், தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. மடவளையில் ராத்தா ஏறினார். கறுப்பு அபாயா, முதுகில் நீலப் பை. மூன்று பைகளையும் மேல் தட்டில் போட்டுவிட்டு அதற்குக் கீழேயே உட்கார்ந்தோம்.

பத்து நிமிடம் போயிருக்கும். எங்களுக்கு முன்னால் இருந்த வெள்ளைச் சேலை அம்மாவின் தோளில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் தட்டிவிட்டார். இன்னொன்று விழுந்தது. திரும்பித் தோளைப் பார்த்தார்.

"ரத்தம்!"

கண்டக்டர் வந்தான். தோளைப் பார்த்தான், மேலே பார்த்தான், பிறகு கீழே இருந்த எங்கள் மூன்று பேரையும் பார்த்தான். பார்வை ராத்தாவிடம் போய் நின்றது. ஒன்றும் கேட்காமல் நீலப் பையை இழுத்து எடுத்துத் திறந்தான். ரொட்டி, சம்பல், தண்ணீர்ப் போத்தல், மடித்த தொழுகை விரிப்பு. ராத்தா விரிப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பஸ் முழுவதும் எழுந்து நின்று அவரையே பார்த்தது.

"அது இல்ல" என்று அக்கா எழுந்தார். "என்னோடது. மேல இருக்கு."

தானே பையை எடுத்து, தானே உறையைக் கழற்றினார். வெள்ளை லைனிங் முழுவதும் சிவப்பு. கத்தி முழுவதும் சிவப்பு. நின்றவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

அக்காவுக்குச் சிங்களம் சரளமாக வரும். ஆனால் அது முழுக்கக் கடைச் சிங்களம். சேலை விற்கலாம், பூசையை விளங்கப்படுத்த முடியாது. பதற்றத்தில் அவர் முதலில் வெள்ளைச் சேலை அம்மாவிடம்தான் பேசினார். "அம்மா, இது போய்விடும். பச்சைத் தண்ணீரில் ஒருமுறை அலசினால் போதும். துணிக்கு ஒன்றும் ஆகாது, அதற்கு நான் பொறுப்பு."

"யாரை வெட்டினாய்?" என்றான் கண்டக்டர்.

"வெட்டவில்லை. பூசை."

"பூசைக்கு யாரை வெட்டினாய்?"

அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை சிங்களத்தில் படித்தவள், அலுவலகத்தில் செய்வதும் இரண்டு பாஷைக்கும் நடுவில் கடிதம் எழுதுகிற வேலைதான். வருடத்துக்கு ஒருநாள் தொழில் சாமான்களுக்குப் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம், இது புல் வெட்டும் கத்தி, மழையில் பொட்டுக் கரைந்துவிட்டது என்று மூன்று வாக்கியம் சொன்னேன். கண்டக்டர் நம்பவில்லை. வெள்ளைச் சேலை அம்மா தோளில் விரலைத் தேய்த்து மோந்து பார்த்தார். வருடா வருடம் மாத்தளை அம்மன் கோயில் தேருக்குப் போகிறவராம்.

"கோயில் வாசனை" என்றார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கத்திக்குமா பொட்டு வைப்பீர்கள்?" என்று அக்காவிடம் கேட்டார்.

அதற்குள் டிரைவர் பஸ்ஸை வழியிலிருந்த பொலிஸ் காவலரண் முன்னால் நிறுத்திவிட்டார். ஒரு சார்ஜன்ட் ஏறி வந்து எங்களைக் கீழே இறக்கினார். பஸ் போய்விட்டது.

"கத்தி எதற்கு?"

"புல் வெட்ட, சேர்."

"யாருடைய புல்?"

"யாரோடதும் இல்லை. பாதையில் இருக்கிற புல்."

"சம்பளம் யார் தருகிறார்கள்?"

"யாரும் தருவதில்லை."

சார்ஜன்டுக்கு எல்லாவற்றையும் விட இதுதான் சந்தேகமாக இருந்தது. "சரி. நல்ல காரியத்துக்குப் போகிற கத்திக்கு எதற்குக் குடை வேஷம்?"

 அக்கா முதல் முறையாக ராத்தாவின் முகத்தைப் பார்த்தார். ராத்தா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சார்ஜன்ட் புத்தகத்தைத் திறந்து பெயர் கேட்டார். அக்காவின் பெயரை எழுதினார், என் பெயரை எழுதினார். அடுத்து ராத்தாவின் பக்கம் பேனையைத் திருப்பினார்.

"அவ பேர் வேணாம் சேர்" என்றார் அக்கா. சிங்களம் மறந்து தமிழில் வந்துவிட்டது. நான்தான் திருப்பிச் சொன்னேன். "இவ்வளவு நாளும் அது குடை என்றுதான் அவளுக்குத் தெரியும். அந்த உறையைக் கூட குடைக்கென்று அவள்தான் தைத்தாள். பொய் சொன்னது நான். என் பெயரை வேண்டுமானால் இரண்டு தரம் எழுதுங்கள்."

சார்ஜன்ட் உறையைப் புரட்டித் தையலைப் பார்த்தார். ராத்தாவைப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடினார். "கத்தி இங்கே இருக்கட்டும். திரும்பும்போது எடுத்துக்கொண்டு போங்கள்."

கத்தி இல்லாமல் மலைக்குப் போனோம். புல் தொடங்குமிடத்துக்கு வந்து நின்றோம். ஒரு மாதத்துப் புல், இடுப்புக்கு மேலே. ராத்தா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப இந்தப் பாதைய வெட்டினது தோட்டத்து ஆக்கள் இல்ல."

"இல்ல றம்ஸி."

"ஒம்பது மாசமா நான் துஆ கேட்டதெல்லாம் ஒங்களுக்கா?"

"எனக்குத்தான் வந்து சேந்துருக்கும். சளி கூடப் புடிக்கலயே."

ராத்தாவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அதை விழுங்கிவிட்டார். "பகிடி உடாதீங்க கலா அக்கா. பஸ்ஸில எல்லாரும் என்னத்தானே பாத்தாங்க. எனக்கிட்ட ஒரு வார்த்த செல்லியிருந்தா, 'அது புல்லு வெட்டுற கத்தி'ன்னு நானே எழும்பிச் செல்லியிருப்பேன். ஒண்டும் தெரியாமத்தான் நடுங்கினேன்."

"சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்டியே."

"அத நான்தானே முடிவு பண்ணணும்?"

 அக்கா ரொட்டி சுற்றிய தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

மாலையில் காவலரணுக்குப் போனோம். கத்தி பளபளவென்று கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. "நல்ல கூர். மூன்று செவ்விளநீர் வெட்டினோம்" என்றார் சார்ஜன்ட் சந்தோஷமாக. அக்கா வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "பொட்டத் தொடச்சிட்டாங்களே" என்று என்னிடம் மட்டும் முணுமுணுத்தார். அன்று முழுவதும் அவர் குறைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். மடவளையில் இறங்கிய ராத்தா, போய் வருகிறேன் என்று சொல்லாமல் போனார்.

நாலு நாள் ராத்தா பேசவில்லை. பிளவுஸ் துணிகள் வேறு ஆள் கையில் போய் வந்தன. அக்கா கடையில் தவறான சேலையை விரிக்கத் தொடங்கினார். சிவப்புக் கேட்டால் நீலம் வந்தது. ஐந்தாம் நாள் சாயந்திரம் ராத்தாவே கடை வாசலில் வந்து நின்றாராம். கையில் புதிய உறை ஒன்று. நல்ல மஞ்சள் நிறம், தூரத்திலிருந்தே கண்ணைக் குத்தும். அதன் நெஞ்சில், கடையில் விலைச் சீட்டு வைப்பதைப் போல, கண்ணாடிப் பிளாஸ்டிக்கில் ஒரு சின்னப் பை.

"இவருக்கிட்ட எல்லாத்தையும் செல்லிட்டேன்" என்றாராம் ராத்தா. "ஒளிச்சிக் கொண்டு போற கத்தியோட போக வேணாமாம். காட்டிக் கொண்டு போற கத்தின்டா போகட்டுமாம். என்ன கத்தி, என்னத்துக்குன்னு வெளியில எழுதி இரிக்கணுமாம்."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அக்கா மேல்மாடிக்கு ஏறி வந்தார். அந்தப் படிகளில் அவர் ஓடி ஏறியதை நான் அன்றுதான் பார்த்தேன். மஞ்சள் உறையை என் மேசையில், அகராதிக்குப் பக்கத்தில் நீட்டி வைத்தார்.

"ரெண்டு பாஷையிலயும் எழுதித் தா புள்ள. பெரிய எழுத்தா. சிங்களம் மேல இருக்கட்டும், பஸ்ஸுல வாசிக்கப் போறது அவங்கதானே. உள்ள கவ்வாத்துக் கத்தி இருக்குன்னு போடு. பாதையில புல்லு வெட்டன்னு போடு. சம்பளம் இல்லன்னும் போடு, அந்த சார்ஜன் மறுபடி கேப்பாரு. செவப்பா ஏதாச்சும் தெரிஞ்சா அது குங்குமம். கொட இல்லன்னு ஒரு வரி போடு, மழையில ஆளுக ஏசுறாங்க. அப்புறம் கடைசியா, இது றம்ஸியாவுக்கும் தெரியும்னு எழுது."